கட்டி முடியாத வீட்டைக் கிரயம் பேசுவது

தொழுகை, நோன்பு, ஹஜ் ஆகிய வணக்கங்களின் சட்டங்களை நம் மக்கள் ஆர்வத்தோடு கேட்டுத் தெரிந்து கொள்கிறார்கள். ஆனால் கொடுக்கல் வாங்கலின் சட்டங்களை, பொருள் கைவிட்டுப் போன பிறகுதான் பெரும்பாலோர் கேட்க வருகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களில் ஹஜ்ஜின் பாடம் முடிந்தவுடன் அடுத்து வருவது கிரயத்தின் பாடம்தான். அல்லாஹ்வின் வீட்டுக்குப் போய் வந்தவர் அடுத்துக் கடைவீதிக்குத்தான் போகிறார்; அங்கேயும் அவர் அடியார்தான் என்பதை இந்த வரிசையே நமக்கு நினைவூட்டுகிறது.

இம்மாதப் பாடம் அத்தகைய ஒரு கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. சபர் போன நம் சகோதரர்கள் பலர், துபாயில் இன்னும் எழும்பாத கட்டடத்தில், வரைபடத்தையும் சிறிய மாதிரி வீட்டையும் பார்த்து ஃபிளாட் வாங்குகிறார்கள். முன்பணம் கொடுத்து, மீதியைத் தவணையாகக் கட்டுகிறார்கள். நாணயமான நிறுவனமாக இருந்தால் சொன்ன காலத்தில் சாவி கைக்கு வருகிறது. நாணயமற்றவனிடம் அகப்பட்டால் ஆண்டுகள் உருண்டோடுகின்றன. இடத்தைச் சுற்றி வேலி மட்டும் நிற்கிறது. அப்போது நம்மிடம் மூன்று மஸ்அலாக்கள் கேட்கப்படுகின்றன. தவணையை நிறுத்தி விடலாமா? வேறொருவருக்கு விற்று விடலாமா? கட்டிய பணத்துக்கு ஜகாத் உண்டா? இம்மூன்றுக்கும் விடை சொல்வோம். ஆனால் பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. இல்லாத வீட்டை வாங்க மார்க்கத்தில் இடம் உண்டா, உண்டென்றால் எந்த நிபந்தனைகளோடு என்பதே அது.

இல்லாததை விற்பது

ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் வியாபாரி. தம்மிடம் இல்லாத சரக்கைக் கேட்டு வருவோருக்கு முதலில் விற்றுவிட்டுப் பிறகு சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். உம்மிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று தடுத்தருளினார்கள். இந்த ஹதீஸை திர்மிதீ, அபூதாவூத் முதலிய நூல்கள் அறிவிக்கின்றன. முடிவு தெரியாத, இருட்டில் கை விடுவது போன்ற கிரயத்தையும் நபியவர்கள் தடை செய்ததாக அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு முஸ்லிமில் உள்ளது. இதற்கு ‘கரர்’ என்று பெயர். கடலில் இருக்கும் மீனையும், பறந்து திரியும் பறவையையும் விற்பதை இதற்கு உதாரணமாக இமாம்கள் எழுதி வைத்தார்கள்.

ஆயினும் மனிதர்களின் தேவையை அறிந்த மார்க்கம் நமது மார்க்கம். நபியவர்கள் மதீனா வந்தபோது மக்கள் ஓரிரண்டு ஆண்டுகளுக்குப் பின் வரும் கனிகளுக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து வந்தனர். அதை அவர்கள் ஒழிக்கவில்லை. அளவு தெரிந்திருக்க வேண்டும், எடை தெரிந்திருக்க வேண்டும், தவணைக் காலம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். இதுவே ‘ஸலம்’. இதில் விலை முழுவதையும் பேசிய சபையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

இன்னொரு வகை, ஒரு பொருளைச் செய்து தரச் சொல்லி விலை பேசுவது. செருப்புத் தைப்பவரிடம் அளவு கொடுத்துச் செருப்பு செய்யச் சொல்வது போல. தோலும் உழைப்பும் அவருடையவை, விலை நம்முடையது. இதற்கு ‘இஸ்திஸ்னாஃ’ என்று பெயர். மக்களின் தேவையையும் நெடுநாள் வழக்கத்தையும் கருதி ஹனஃபி இமாம்கள் இதைக் கூடும் என்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இது தனி ஒப்பந்தமாக இடம் பெறவில்லை. ஸலமின் நிபந்தனைகளுக்குள் அடங்கினால் மட்டுமே கூடும், வீடும் நிலமும் ஸலமில் அடங்கா. எனவே கடற்கரை ஊர்களில் உள்ள ஷாஃபிஈ சகோதரர்கள், தாம் இவ்விஷயத்தில் ஹனஃபி மத்ஹபின் சலுகையைப் பின்பற்றுகிறோம் என்பதை அறிந்து, ஓர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்த பின்பே இறங்க வேண்டும்.

ஜித்தாவில் 1992ஆம் ஆண்டு கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு சபை இதை ஆராய்ந்து முடிவு கூறியது. இஸ்திஸ்னாஃ இரு தரப்பாரையும் கட்டுப்படுத்தும். பொருளின் இனம், வகை, அளவு, தன்மை யாவும் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். ஒப்படைக்கும் காலம் குறிக்கப்பட வேண்டும். விலையைப் பிற்படுத்தியோ தவணையாகவோ கொடுக்கலாம் என்பது அதன் சாரம்.

ஆகவே, கட்டாத வீட்டை வாங்குவது முற்றிலும் ஹராம் என்பதும் தவறு. எப்படி வாங்கினாலும் ஹலால் என்பதும் தவறு. எத்தனையாவது மாடி, எத்தனை சதுர அடி, எந்தத் திசை, என்னென்ன சாமான்கள், எந்த மாதம் எந்த ஆண்டு ஒப்படைப்பு என்பவை எழுத்தில் இருந்தால் இஸ்திஸ்னாஃ ஆகும். ஒப்படைக்கும் நாள் உத்தேசமானது, நிறுவனம் விரும்பியபடி தள்ளிப்போடலாம், அளவையும் அமைப்பையும் மாற்றலாம், வாங்குபவர் கேள்வி கேட்கக் கூடாது என்று ஒப்பந்தத்தின் உள்ளே பொடி எழுத்தில் இருந்தால், மேலே அழகாக எழுதப்பட்ட தேதிக்கு என்ன மதிப்பு? காலம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே முறிந்து விடுகிறது. ஒப்பந்தத்தை முழுவதும் படிக்காமல், அல்லது படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு படிக்கச் செய்யாமல் கையெழுத்திடுவது உலக விஷயத்தில் மட்டுமல்ல, மார்க்க விஷயத்திலும் கவனக்குறைவே.

முஸ்லிம் நாடு என்ற நம்பிக்கை

‘அது முஸ்லிம் நாடு, கம்பெனிக்காரரும் தொழுகையாளி’ என்று சொல்லி நம்மவர் பலர் விசாரணையைக் கைவிடுகிறார்கள். நல்லெண்ணம் கொள்வது சுன்னத்தான குணம்தான். ஆனால் அல்லாஹுத் தஆலா திருமறையின் மிக நீண்ட வசனத்தை எதற்காக அருளினான்? அல்பகராவின் 282ஆம் வசனம் கடன் தவணைகளை எழுதிக் கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள், சிறிதோ பெரிதோ எழுதச் சோம்பல் கொள்ளாதீர்கள் என்று கட்டளையிடுகிறது. அவ்வசனம் முதன்முதலில் அழைத்துப் பேசியது ஸஹாபாக்களை! அந்தச் சத்திய சீலர்களுக்கே எழுத்தும் சாட்சியும் தேவையென்றால், முகம் தெரியாத நிறுவனத்திடம் ஆயுட்கால உழைப்பைக் கொடுக்கும் நமக்கு எவ்வளவு தேவை!

துபாயில் நடந்ததைப் பாருங்கள். பிற நாட்டவரும் குறிப்பிட்ட பகுதிகளில் முழு உரிமையோடு வீடு வாங்கலாம் என்ற அறிவிப்பு 2002இல் வந்தது. அதற்குரிய நிலப் பதிவுச் சட்டம் 2006இல், வாங்குவோரின் பணத்தைப் பாதுகாக்கும் சட்டம் 2007இல், கட்டி முடியாத வீடுகளைப் பதிவு செய்யும் சட்டம் 2008இல்தான் வந்தன. விற்பனை முன்னே ஓடியது. பாதுகாப்பு பின்னே நடந்து வந்தது. 2008இன் பிற்பகுதியில் உலகப் பொருளாதார நெருக்கடி வந்தபோது விலைகள் சரிந்தன. நூற்றுக்கணக்கான கட்டடத் திட்டங்கள் நின்றும் ரத்தாகியும் போயின. பாம் ஜெபல் அலி என்ற செயற்கைத் தீவின் வேலை 2002இல் தொடங்கியது. கடலில் மணல் கொட்டித் தீவு எழுந்தது. அதில் விற்கப்பட்ட வீடுகள் எழவில்லை. அதற்குப் புதிய திட்டம் 2023இல்தான் அறிவிக்கப்பட்டது. ஒரு குழந்தை பிறந்து கல்லூரிக்குப் போகும் காலம் அது.

பணம் எங்கே போய்ச் சேருகிறது?

நாணயமற்ற நிறுவனத்தின் வழக்கம் என்னவென்றால், ஒரு கட்டடத்துக்கு வாங்கிய பணத்தைக் கொண்டு இன்னொரு நிலம் வாங்கும். அதைக் காட்டி மேலும் பலரிடம் பணம் வாங்கும். விலை ஏறும் வரை இந்தச் சக்கரம் சுழலும். விலை இறங்கிய அன்று நின்றுவிடும். நம் பணம் ஒரு குறிப்பிட்ட வீட்டுக்காகக் கொடுக்கப்பட்டது. அந்த வீட்டைக் கட்டாமல் வேறிடத்தில் அதைச் செலவிட்டு வாக்கை முறிப்பது மோசடி.

இதைத் தடுப்பதற்குத்தான் துபாயில் 2007ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டம் வந்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் வங்கியில் ‘எஸ்க்ரோ’ என்ற தனிக் கணக்கு இருக்க வேண்டும். வாங்குவோர் தரும் பணம் அதில்தான் சேர வேண்டும். அந்தக் கட்டடத்தின் வேலைக்கே செலவாக வேண்டும். நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் அதில் கை வைக்க முடியாது. கட்டி முடிந்த பிறகும் 5 சதவீதம் ஓராண்டுக்கு நிறுத்தி வைக்கப்படும். எழுத்து மூலம் அனுமதி பெறாமல் உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ விளம்பரம் செய்யவும், கண்காட்சி நடத்தி விற்கவும் நிறுவனத்துக்கு உரிமை இல்லை. சென்னையில் பெரிய ஹோட்டலில் கண்காட்சி வைத்து, ‘இன்றே முன்பணம் கொடுத்தால் தள்ளுபடி’ என்பவரிடம் அந்த அனுமதியைக் காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

2008ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டப்படி, கட்டி முடியாத வீட்டின் கிரயம் துபாய் நிலத் துறையின் இடைக்காலப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். பதியாத கிரயம் செல்லாது. அந்தப் பதிவு முறைக்கு ‘உகூத்’ என்று பெயர் வழங்குகிறது. உகூத் என்றால் ஒப்பந்தங்கள். அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனத்தில், ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்று ஈமான் கொண்டவர்களுக்கு அல்லாஹ் கட்டளையிடும் இடத்தில் வருவதும் இதே சொல்தான். பதிவுச் சான்று கையில் இல்லாதவர், ஏஜென்ட் எழுதித் தந்த ரசீதை மட்டும் வைத்துக் கொண்டு வீட்டுக்காரர் ஆகிவிட்டதாக எண்ண வேண்டாம்.

ஏஜென்டின் சொந்தக் கணக்கில் பணம் கட்டச் சொன்னால் அங்கேயே எழுந்து விடுங்கள். உண்டியல் வழியாக அனுப்பிய பணத்துக்கு நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல யாரும் வரமாட்டார்கள். ஊரில் வசிப்பவர் இந்தியாவிலிருந்து அனுப்புவதாயின் வங்கி வழியாகவே அனுப்ப வேண்டும். ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 2,50,000 டாலர் என்பது ரிசர்வ் வங்கி வைத்துள்ள வரம்பு.

தாமத அபராதமும் வட்டியும்

ஒப்பந்தங்களில் இருவகை அபராதம் எழுதப்படுகிறது. கட்டுபவர் தாமதித்தால் அவர் வாங்குபவருக்குக் கொடுப்பது ஒன்று. இது இஸ்திஸ்னாஃவில் கூடும்; தம் சக்திக்கு மீறிய காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு என்று மேற்சொன்ன ஃபிக்ஹு சபை கூறியுள்ளது. வாங்குபவர் தவணை தாமதித்தால் மாதத்துக்கு இத்தனை சதவீதம் கூடுதல் என்பது மற்றொன்று. தவணை என்பது கடன். கடன் தாமதித்ததற்காகக் கூடுதல் வாங்குவது வட்டி. 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடிய அதே சபையும் கடனுக்கு இத்தகைய அபராதம் கூடாதென்றே முடிவு செய்தது. வேடிக்கை என்னவென்றால், நாணயமற்றவரின் ஒப்பந்தத்தில் கூடுகிற அபராதம் இருக்காது. கூடாத அபராதம் மட்டும் தவறாமல் இருக்கும்! கையெழுத்திடுமுன் முதலாவதைச் சேர்க்கவும் இரண்டாவதை நீக்கவும் கேளுங்கள்.

முதல் கேள்வி: தவணையை நிறுத்தலாமா?

கட்டட வேலை நின்று போனதென்று கண்டவுடன் கோபத்தில் தவணையை நிறுத்தி விடுபவர் உண்டு. ஒப்பந்தம் இரு தரப்பாரையும் கட்டுப்படுத்தும் என்று முன்பே சொன்னோம். மற்றவர் வாக்கு மாறினார் என்றால் அதை முறைப்படி நிலைநாட்டி விலக வேண்டும். சொல்லாமல் நிறுத்தினால் வாக்கு மீறியவர் நாமே என்று பதிவாகும். நிலத் துறை 30 நாள் அறிவிப்புக் கொடுக்கும். அதற்குப் பிறகு, கட்டடம் எழும்பியுள்ள அளவைப் பொறுத்து வீட்டின் விலையில் 40 சதவீதம் வரை நிறுத்திக் கொள்ள நிறுவனத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே முதலில் எழுத்து மூலம் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். பிறகு நிலத் துறையில் முறையிடுங்கள். வழக்கறிஞரைக் கலந்து கொள்ளுங்கள். நின்றுபோன, ரத்தான திட்டங்களுக்கென 2020ஆம் ஆண்டின் 33ஆம் எண் ஆணையின்படி தனி நீதிமன்றக் குழுவும் அங்கே உண்டு.

தவணைகளுக்கு முன்தேதியிட்டுக் கொடுத்த காசோலைகளையும் மறக்க வேண்டாம். பணமின்றிக் காசோலை திரும்புவது 2022 ஜனவரி வரை அந்நாட்டில் குற்றமாகவே இருந்தது. இப்போது பெரும்பாலும் அப்படியில்லை. ஆயினும் காசோலை வைத்திருப்பவர் நேராக அமலாக்க நீதிமன்றம் போய்ப் பணத்தை வசூலிக்கலாம். ஏமாற்றும் எண்ணத்தோடு செய்தது இன்றும் குற்றமே.

நிறுவனம் உண்மையிலேயே நொடித்துப் போயிருந்தால், சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுப்பது திருமறை காட்டும் வழி. வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்று நபியவர்கள் கூறியிருக்கிறார்கள். அத்தகையவர் மீது வழக்குத் தொடுப்பது பொறுமைக்கு மாற்றமானதல்ல. சமாதானமாகப் பேசிக் கொஞ்சம் விட்டுக் கொடுத்துப் பெறுவதும் கூடும். நீதிமன்றம் வட்டி சேர்த்துத் தீர்ப்பளித்தால் முதல் நம்முடையது, வட்டி நம்முடையதல்ல.

இரண்டாம் கேள்வி: வேறொருவருக்கு விற்கலாமா?

மதீனாவில் மர்வான் கவர்னராக இருந்தபோது, ஜார் துறைமுகத்தில் வந்திறங்கும் தானியத்துக்காக மக்களுக்குச் சீட்டுகள் கொடுக்கப்பட்டன. மக்கள் தானியத்தைக் கைப்பற்றும் முன்பே சீட்டுகளைக் கைமாற்றி விற்கத் தொடங்கினார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் மர்வானிடம் சென்று, வட்டி வியாபாரத்தை நீர் ஹலாலாக்கி விட்டீர் என்று முகத்துக்கு நேரே கண்டித்தார்கள். மர்வான் திடுக்கிட்டு அவ்விற்பனையைத் தடுத்தார். காவலர்கள் மக்களின் கைகளிலிருந்து அச்சீட்டுகளைப் பறித்தார்கள். இச்செய்தி முஸ்லிமிலும் முவத்தாவிலும் உள்ளது.

2008க்கு முன் துபாயில் நடந்தது இதுவேதான். காலையில் வரிசையில் நின்று முன்பணம் கட்டியவர், மாலையில் லாபம் வைத்து அந்தச் சீட்டை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். கடைசியில் சீட்டு யார் கையில் நின்றதோ அவருடைய வீடு மணலாய் நின்றது. அந்தக் கடைசிக் கை பெரும்பாலும் உண்மையிலேயே குடியிருக்க வீடு தேடிய ஏழையின் கைதான். கட்டி முடிந்து கைக்கு வருமுன் லாபத்துக்கு விற்பது ஷாஃபிஈ மத்ஹபில் கூடாது. இருக்கின்ற நிலத்தைக் கைப்பற்றுமுன் விற்பதற்கு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அளித்த அனுமதியை, இன்னும் எழாத மாடிக்குப் பொருத்த முடியாது. விலக விரும்புபவர் நிறுவனத்தோடு பேசிக் கிரயத்தை ரத்துச் செய்து, கொடுத்ததைத் திரும்பப் பெறுவதே சந்தேகமற்ற வழி. வேலை நின்றுபோன விஷயத்தை மறைத்து, விவரம் தெரியாத ஒருவர் தலையில் கட்டிவிடுவதோ அப்பட்டமான மோசடி. நாம் ஏமாந்தோம் என்பது இன்னொருவரை ஏமாற்ற அனுமதிச் சீட்டாகாது.

மூன்றாம் கேள்வி: ஜகாத் உண்டா?

குடியிருக்கும் நிய்யத்தோடு வாங்கிய வீட்டுக்கு ஜகாத் இல்லை; அதற்காகக் கட்டிவிட்ட தவணைக்கும் இல்லை. வருங்காலத் தவணைக்கென்று கையிலோ வங்கியிலோ வைத்திருக்கும் பணத்துக்கு, நிஸாபும் ஆண்டும் பூர்த்தியானால் ஜகாத் உண்டு. ‘அது ஃபிளாட்டுக்கு வைத்த பணம்’ என்று ஒதுக்கிவிட முடியாது. கெடு வந்து கொடுக்க வேண்டிய தவணையை ஹனஃபி மத்ஹபினர் கழித்துக் கொள்ளலாம். கிரயம் ரத்தாகி, பணம் திரும்ப வரவேண்டியிருந்தால் அது வராக்கடன். ஷாஃபிஈ மத்ஹபின்படி கைக்கு வந்தபின் கடந்த ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில், கடனாளி அடியோடு மறுத்து, சாட்சியும் இல்லாமல் போன பணத்துக்குக் கடந்த ஆண்டுகளின் ஜகாத் இல்லை.

வீட்டார் அறிய வேண்டியவை

முன்பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சிந்திக்க வேண்டும். மனைவியின் நகை மனைவியின் சொத்து. அவர் மனமொப்பிக் கொடுத்தால் அது அன்பளிப்பா, கடனா என்பதைத் தெளிவாகப் பேசி எழுதிக் கொள்ள வேண்டும். உம்மாவின் ஹஜ்ஜுக்கென்று ஒதுக்கியது உம்மாவின் பணமானால், அவர் அனுமதியின்றித் தொட மகனுக்கு உரிமை இல்லை.

கணவர் கட்டும் தவணை, ஒப்பந்தப் பத்திரம், பதிவுச் சான்று, வங்கி ரசீதுகள், நிறுவனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றின் ஒரு பிரதி ஊரில் வீட்டாரிடம் இருக்க வேண்டும். சபரில் மவுத் நேர்ந்தால், கட்டிய பணத்தின் உரிமை வாரிசுகளுக்கு வரும். கொடுக்க வேண்டியது சொத்திலிருந்து தீர்க்க வேண்டிய கடனாகும். எந்த நிறுவனம், எந்தக் கட்டடம் என்றுகூடத் தெரியாத விதவை யாரிடம் போய்க் கேட்பார்? எதீம்களின் பங்கு எங்கே போகும்?

சகோதரர்களே! முன்பணம் கொடுக்குமுன் இவ்வளவையும் பாருங்கள். நிறுவனம் இதற்கு முன் கட்டி ஒப்படைத்த கட்டடம் ஒன்றையாவது நேரில் பார்த்து, அங்கே குடியிருப்போரிடம் விசாரியுங்கள். நிலம் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா, கட்டடத்துக்கு எஸ்க்ரோ கணக்கு உண்டா, வேலை எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்பவற்றைத் துபாய் நிலத் துறையிலேயே கேட்டறியுங்கள்; அத்துறையின் ‘துபாய் ரெஸ்ட்’ என்ற கைபேசிச் செயலியிலும் திட்டங்களின் நிலையைக் காணலாம். துபாயிலேயே வேலை செய்யும் நம்பகமான ஒருவரை இடத்துக்கு அனுப்பிப் பார்த்து வரச் சொல்லுங்கள். இதற்கு ஒரு வாரம் ஆகும். ஒரு வாரம் பொறுக்க மறுத்து அவசரப்படுத்துபவரிடம் இருபது ஆண்டு உழைப்பைக் கொடுக்க வேண்டாம். இஸ்திகாரா தொழுவதும், விவரம் அறிந்தவரிடம் ஆலோசனை கேட்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

அல்லாஹ் செல்வத்தை நம் வாழ்வுக்கு ஊன்றுகோலாக ஆக்கியிருப்பதாக அன்னிஸா அத்தியாயத்தில் கூறுகிறான். அதை அறிவற்றோர் கையில் ஒப்படைக்காதீர்கள் என்றும் தடுக்கிறான். அந்த ஊன்றுகோலை முறியாமல் காப்பதும் முஃமினின் கடமைகளில் ஒன்று. ஏமாந்து நிற்கும் சகோதரர்களின் உரிமையை வல்ல நாயன் அவர்களுக்கு மீட்டுத் தருவானாக! நம் அனைவருக்கும் ஹலாலான வீட்டையும், அதில் பரக்கத்தையும் அருள்வானாக! ஆமீன்.